வெள்ளிக்கிழமை எடுத்த படம்

காலை பத்து இருபது. ஆம்பூரில் அந்த ஷூ ஆலையின் புதுக் கட்டடத்துக்கு முன்னால் நான் முதலில் பார்த்தது செருப்புகளை. பெரும்பாலும் ரப்பர் செருப்புகள். சிலவற்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களுக்கு மேல்தோல் தைக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்கள், அவற்றை வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள். அதையே முதல் படமாக எடுக்கலாம் என்று குனிந்தேன். கேமராவின் ஷட்டர் விழவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி, ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் வேலூர் அலுவலகத்தில் புகைப்படக்காரன். ஆற்காட்டிலிருந்து நாட்றம்பள்ளி வரை எது நடந்தாலும் நான்தான் போவேன். மந்திரி வந்தாலும், லாரி கவிழ்ந்தாலும், பாலாற்றில் தண்ணீர் வந்தாலும். தண்ணீர் வராத வருஷங்களில் வறண்ட ஆற்றை எடுப்பதும் நான்தான்.

இப்போது எங்கள் படப்பிரிவில் இருக்கும் பிள்ளைகள் பழைய ஜெர்மன் லென்ஸ்களைத் தேடி வாங்கிப் புதுக் கேமராவில் மாட்டுகிறார்கள். கருப்பு வெள்ளை பிலிமை ஃபிரிட்ஜில் காய்கறிக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் போன் செய்து, "சார், அந்தக் கால லென்ஸ்ல எடுத்தா முகத்துல உண்மை தெரியும்ங்கறாங்களே, நெஜமா?" என்று கேட்டார். வேலைக் காலம் முழுக்க முகங்களைப் படம் பிடித்தவனிடம் இதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு குழப்பம். அதை எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

தொழில் கற்றுக்கொண்டது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னைத் தலைமை அலுவலகத்தின் இருட்டறையில் மற்றவர்கள் எடுத்த பிலிமைக் கழுவினேன். விரல் நகமெல்லாம் பழுப்பான பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை ஆசீர்வாதம் சாரிடம் கற்றேன்.

ஆசீர்வாதம் சார் வேலூர் அலுவலகத்தின் பொறுப்பாளர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பை எடுப்பவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. படம் எடுத்துவிட்டு வந்தால் பிலிமைக் கழுவ விடமாட்டார். "உக்காரு ஜேக்கப். என்ன பார்த்தேன்னு சொல்லு" என்பார். நான் சொல்லச் சொல்லப் படத்தின் கீழே போடும் வாக்கியத்தை டைப் அடிப்பார். யார், எங்கே நின்றார்கள், கையில் என்ன, முகத்தில் என்ன. 'முகத்துல என்ன' என்பதை ஒருபோதும் விடமாட்டார். அதற்குப் பிறகுதான் இருட்டறைச் சாவி கைக்கு வரும்.

பிரிண்ட் காய்ந்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு மூலையிலிருந்து மூலைக்குப் பார்ப்பார். நேராக வைத்தால் மூஞ்சி மட்டும்தான் தெரியும், தலைகீழாக வைத்தால் இருக்கிறதெல்லாம் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு நான் சொன்னதோடு ஒப்பிடுவார். ஒருமுறை மேல்விஷாரத்தில் எடுத்த கல்லூரி விழாப் படத்தில், மேடையில் ஒருவர் தூங்குவது போல விழுந்திருந்தார்.

"தூங்கினாரா?"

"தெரியல சார். கண் சிமிட்டினப்ப விழுந்திருக்கலாம்."

"நீ பார்க்கலேன்னா அவர் தூங்கல."

கண்ணால் பார்த்ததை எழுது, படத்தில் மட்டும் பார்த்ததை எழுதாதே. அவருடைய சட்டம் அவ்வளவுதான். இந்தச் சட்டத்தால் எங்கள் அலுவலகத்துக்கு மறுப்பு வெளியிடும் வேலை அநேகமாக வந்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஷட்டர் சிக்கிக்கொண்டதும் கடைத்தெருவில் காதர் பாய் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். "இன்னா போட்டோ சார், பொட்டி பேஜார் பண்ணிடுச்சா?" என்று சிரித்துவிட்டு, பீரோவிலிருந்து ஒரு மடக்குக் கேமராவை எடுத்துக் கொடுத்தார். ஜெர்மனியில் செய்தது, தோல் துருத்தி வைத்தது. "எங்க அத்தா காலத்துது. லென்ஸ்ல ஒரு கீறல் கிடையாது." அதற்கு அவர் கொடுத்தது தனித்தனித் தகடுகளாக வரும் ஆர்த்தோ பிலிம். நாங்கள் பத்திரிகையில் பயன்படுத்தும் பிலிம் எல்லா நிறத்தையும் ஓரளவு கண் பார்ப்பது போலவே பார்க்கும். ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வசதி. குங்குமப் பொட்டு கருப்பாக விழும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பாயின் ஸ்டுடியோவில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பவுடர் டப்பாவும் ஈரத் துண்டும் எப்போதும் இருக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் முகம் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள்.

ஆலைக்குத் திரும்பியபோது பர்சனல் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெலிந்த மனிதர், மரியாதைக்காரர். "ஜும்மாவுக்கு மிஷின் நிறுத்திடுவோம் சார். கொஞ்சம் சீக்கிரம்" என்றார். பெண்களை மட்டுமே வைத்து ஒரு தையல் பிரிவு அந்த வட்டாரத்தில் அப்போது புதிது, எங்களுக்கு அதுதான் செய்தி. ஒவ்வொருவரையும் அவரவர் மிஷினில் ஒரு படம் எடுத்தால் அதையே அடையாள அட்டைக்கும் ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் கேட்டார். சரி என்றேன்.

வடக்குப் பக்க ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. முக்காலியில் கேமராவை வைத்து ஒவ்வொருவராக எடுத்தேன். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பரிமளா என்ற பெண்ணின் முறை வந்தது. லுங்கி நெய்யும் குடும்பம்.

"சிரிக்கலாமா சார், இல்ல பேப்பருக்குச் சிரிக்கக் கூடாதா?"

"சிரிம்மா. அசையாம சிரி."

"அசையாம எப்டி சார் சிரிக்கிறது? பல்லு வலின்னு நெனைப்பாங்க."

பக்கத்து மிஷினில் செல்வி, கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாதவள். தாலிக்கயிற்றை எடுத்துப் புடவைக்கு மேலே விட்டுக்கொண்டாள். "தாலி தெரியுதான்னு பாருங்க சார். எங்க மாமியா காசு குடுத்து பேப்பர் வாங்குவாங்க" என்றாள். கடைசியாக எல்லாரையும் சேர்த்து ஒரு படம். தொழுகைக்கு முன்னால் வேலை முடிந்தது. பிலிமைப் பாயிடமே கழுவக் கொடுத்துவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் ஆசீர்வாதம் சார் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். "அந்தக் குடியாத்தம் பொண்ணு, முகத்துல என்ன?"

"நெத்தியில சாந்துப் பொட்டு. முகம் சுத்தமா இருந்துது சார். குளிச்சிட்டு நேரா வந்த மாதிரி."

திங்கட்கிழமை பாய் பஸ்ஸில் பிரிண்டுகளை அனுப்பிவிட்டார். ஒரு கட்டு எங்களுக்கு, ஒரு கட்டு ஆலைக்கு. சார் வழக்கம்போல ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் நின்றுவிட்டார். நேராகத் திருப்பினார். மறுபடி தலைகீழாக வைத்தார்.

"ஜேக்கப், இது உன் கண்ணுல பட்டுதா?"

பரிமளாவின் படம். இடது கன்னத்திலிருந்து தாடைவரை ஒரு கருந்திட்டு. நெற்றி ஓரத்தில் முடியை ஒட்டி இன்னொன்று. ஓரங்கள் ஒழுங்கில்லாமல், நிலப்படத்தில் தீவு வரைந்தது போல இருந்தன. மற்றப் பெண்களின் முகங்களில் எதுவும் இல்லை. ஒரு கை நீளத் தூரத்தில் நின்று அந்த முகத்துக்கு நான் போகஸ் பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்றுமே இல்லை.

"இல்ல சார்."

"அப்ப இது என்ன?"

குழுப் படத்தை மட்டும் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சார் முடிவு செய்தார். அச்சில் புள்ளி புள்ளியாக வரும்போது எந்தத் திட்டும் தெரியாது.

புதன்கிழமை மதியம் பரிமளாவே அலுவலகத்துக்கு வந்தாள். கூட அவள் அண்ணி. பரிமளா கையில் அந்தப் பிரிண்ட் இருந்தது. என் மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பாத்துக்கோங்க சார். எங்க இருக்குது?"

எங்கேயும் இல்லை.

"கண்ணாடில இல்லாதது உங்க பொட்டில எப்டி வந்துச்சி?"

அண்ணி நாற்காலியில் உட்கார மறுத்து நின்றாள். "ஊர்ல மத்தவங்க போட்டோ புடிச்சா ஆளு கலரா வருவாங்க. நீங்க புடிச்சா வியாதி வருது" என்றாள்.

நடந்தது இதுதான். அட்டையில் ஒட்டப் படங்களைப் பிரித்தபோது பர்சனல் ஆபீசர் அந்தத் திட்டுகளைப் பார்த்திருக்கிறார். பெண்களும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் தோலில் திட்டு என்றால் எல்லார் மனசிலும் முதலில் வரும் வியாதி ஒன்றுதான், தொழுநோய். அவள் பக்கத்து மிஷின்காரி இடம் மாற்றிக் கேட்டுவிட்டாள். மண்பானைக்குப் பக்கத்தில் அவளுக்குத் தனியாக ஒரு டம்ளர் வந்துவிட்டது. ஆபீசர் அவளைக் கூப்பிட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் அண்ணனின் தறி ஆர்டர் இல்லாமல் நின்றுபோய் மாதங்கள் ஆகியிருந்தன. அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

"சர்ட்டிபிகேட் வாங்கிடலாமே அம்மா" என்றார் சார். "ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு."

"அந்தத் தோல் டாக்டர் வாசப்படிய மிதிச்சாலே இருக்குதுன்னு ஊர்ல முடிவு பண்ணிடுவாங்க சார்" என்றாள் பரிமளா. "எனக்கு சர்ட்டிபிகேட் வேணாம். உங்க படத்த சரி பண்ணிக் குடுங்க. நான் சரியாத்தான் இருக்கேன்."

அன்று சாயங்காலமே பரிமளா, அண்ணி, நான் மூவரும் ஆம்பூர் போனோம். பாய் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவிலேயே திட்டு இருந்தது. லென்ஸில் பூசணம் என்று முதலில் நினைத்தோம். கழற்றித் துடைத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பூசணம் என்றாலும் ஒரு பெண்ணின் முகத்தில் மட்டும் எப்படி விழும்?

"தண்ணி" என்றார் பாய். "டேனரிக்காரங்க விடற உப்பெல்லாம் நம்ம கெணத்துலதான் சார் இருக்குது. டெவலப்பர் கலக்கினது அந்தத் தண்ணிதான். ஒரு தகட்டுல மட்டும் புடிச்சிருக்கும்."

பாட்டரிக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவந்தோம். அதே கேமரா, அதே பிலிம். வெளிச்சம் போய்விட்டதால் ஸ்டுடியோ விளக்குகளைப் போட்டார் பாய். முகத்துக்கு நேராக ஒரு படம், வலப்பக்கம் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம், இரண்டு தகடு. இடம் மாறி உட்காரும்போது அவள் வலது கை, முழங்கைக்கு மேலே, விளக்கின் தகர மூடியில் சாய்ந்து நின்றது.

"சுடும்மா, சுடும்!" என்று பாய் கத்தினார்.

"சுடலியே பாய்" என்றாள் பரிமளா, கையை எடுத்துக்கொண்டே.

"நெசவுக்காரங்க கையில்ல, அதெல்லாம் மரத்துப் போயிருக்கும்" என்று அண்ணி சொன்னாள். எல்லாரும் சிரித்தோம்.

படம் வந்தது. முகத்தில் ஒரு திட்டும் இல்லை. பாய் ஈரப் பிரிண்டைத் தூக்கிப் பிடித்து, "தண்ணிதான், சொன்னேன்ல" என்றார். பரிமளா அதை முந்தானையால் ஒற்றினாள். பாய், எமல்ஷன் பூச்சு கெட்டுவிடும் என்று பதறிப் பிடுங்கினார்.

மறுநாள் ஆலைக்குக் கொண்டு போனோம். பர்சனல் ஆபீசர் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது ஸ்டுடியோ படம். டச்சிங் பண்ணி மறைச்சிருப்பாங்க" என்றார்.

பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "நான் இந்தத் தொழில் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கல்யாணப் பொண்ணுக்குக்கூட கேட்டாத்தான் டச்சிங் பண்ணுவேன் சார்."

"கோவிச்சுக்காதீங்க பாய். எனக்கு மேல முதலாளி இருக்காரு. அவர் கேட்டா நான் எதைக் காட்டறது? ஒரே கேமராங்கறீங்க, ஒரே பொண்ணுங்கறீங்க. ஒண்ணுல இருக்குது, ஒண்ணுல இல்ல. எது நெஜம்னு நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. தண்ணீர் என்று சொன்னோம். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டிருந்தது.

வேலூரில் ஆசீர்வாதம் சார் அதை ஒரே வாக்கியத்தில் உடைத்தார். "தண்ணின்னா ஒரே தொட்டில கழுவின எல்லா மூஞ்சிலயும் விழுந்திருக்கணும்." பிறகு வெள்ளிக்கிழமைப் படங்கள் எல்லாவற்றையும் மேஜைமேல் தலைகீழாகப் பரப்பினார். பூதக்கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். குழுப் படத்தில் செல்வியிடம் நின்றார்.

"இந்தப் பொண்ணு ஏன் கருப்புக் கயிறு கட்டியிருக்கா?"

"கருப்பு இல்ல சார், மஞ்சக் கயிறு. புதுத் தாலி. எடுத்து வெளிய விட்டுக் காட்டினா."

சார் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். படத்தில் அந்தக் கயிறு கரிக்கோடாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சள் கயிறு. நான் கண்ணால் பார்த்தது.

கயிற்று மஞ்சள் கருப்பாக விழுந்தால், முகத்தில் பூசும் மஞ்சளும் அப்படித்தான் விழும். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் முகத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கம் இல்லை. பாய் வீட்டில் இல்லை. பர்சனல் ஆபீசர் வீட்டிலும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து இந்தப் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அலுவலகத்தில் பெருக்கவரும் அம்மாவைக் கூப்பிட்டு சார் கேட்டார், "வெள்ளிக்கிழமைன்னா மஞ்சள் பூசுவாங்களா?"

"பூசாம?" என்றாள் அந்த அம்மா, இப்படி ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

பரிமளா அன்று காலை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள். மற்றவர்கள் கழுவிய அளவுக்குக் கன்னத்து ஓரத்தையும் நெற்றி ஓரத்தையும் கழுவவில்லை. மாநிற முகத்தில் லேசாக ஒட்டியிருக்கும் மஞ்சளைக் கண் கண்டுகொள்ளாது, முகம் பளிச்சென்று இருக்கிறது என்றுதான் நினைக்கும். ஆர்த்தோ பிலிம் சிவப்பைப் போலவே மஞ்சளையும் கருமையாகத்தான் பார்க்கும். மறுபடி எடுத்தது புதன்கிழமை. அன்று மஞ்சள் இல்லை. பாயிடம் ஈரத் துண்டும் பவுடரும் எதற்கு என்று பிறகு கேட்டேன். "தெரியல சார். அத்தா வெச்சிருந்தாரு, நானும் வெச்சிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை ஆலை அலுவலகத்தில் கேமராவை முக்காலியில் வைத்தோம். சார் வேலூரிலிருந்து நேரில் வந்திருந்தார், பரிமளாவும் அண்ணியும் குடியாத்தத்திலிருந்து. பாய் கொஞ்சம் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். யார் முகத்தில் பூசுவது என்று பேச்சு வந்தது. பர்சனல் ஆபீசர் ஓரடி பின்னால் போனார். ஆசீர்வாதம் சார் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பூசும்மா."

பரிமளாவின் அண்ணி தயங்கினாள். பிறகு அவர் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். "மூக்குலயும் வைக்கட்டா சார்? கூரப்புடவதான் பாக்கி" என்றாள். பெண்கள் தையலை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து நின்றிருந்தார்கள். அவ்வளவு பேர் சிரிக்கும்போதும் சார் முகம் மாறவில்லை. நீண்ட எக்ஸ்போஷர், அசையக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பூசியபடியே ஒரு படம் எடுத்த பிறகு துடைத்துவிட்டுப் பார்த்தோம். அவர் முகம் அவர் முகமாகத்தான் இருந்தது. மஞ்சள் துளியும் தெரியவில்லை. அப்படியே இன்னொரு படம் எடுத்தேன்.

பாய் ஆபீசரையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோ இருட்டறைக்குப் போனார். சிவப்பு விளக்கில் அவர் கண் முன்னாலேயே பிலிம் கழுவி, உலர்த்தி, பிரிண்ட் போட்டார். இரண்டு படத்திலும் எங்கள் வேலூர் பொறுப்பாளரின் கன்னத்தில் கருந்திட்டு. துடைத்த பிறகு எடுத்ததில்கூட, ஓரம் ஒழுங்கில்லாமல், தீவு மாதிரி.

பர்சனல் ஆபீசர் இருட்டறையை விட்டு வெளியே வந்து, ஸ்டுடியோவில் காத்திருந்த பரிமளாவிடம், "தப்பா நெனச்சிட்டோம்மா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடு" என்றார். அடையாள அட்டைக்கு முகத்துக்கு நேராக எடுத்த ஸ்டுடியோ படம் போயிற்று. தனி டம்ளரை அவள் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். பல வருஷம் நான் இதை இங்கேதான் முடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சார் மிச்சப் படங்களை உறையில் போட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பினார். புதன்கிழமை பக்கவாட்டில் எடுத்த படம் அவர் கையிலேயே நின்றது. வலது கை, முழங்கைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம்.

"இதுவும் மஞ்சளா?"

"மஞ்சள்னா கருப்பா விழணும் சார். இது வெளுப்பா இருக்கு."

"கண்ணால பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்ப தண்ணியா? லென்ஸா?"

எனக்கு விளக்கின் தகர மூடி ஞாபகம் வந்தது. சொன்னேன். சார் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போனார். நேற்று முன்தினம்தான் அதே பிலிம் இல்லாததைக் காட்டுகிறது என்று ஒரு ஆலை முழுக்க நிரூபித்துவிட்டு வந்திருந்தோம். அவர் முகத்தையே பணயம் வைத்து. இப்போது அதே பிலிமைக் காட்டி அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? எதுவும் இல்லையென்றால் அவளை இரண்டாவது தடவை வாசலில் நிறுத்துகிறோம். வியாதி இருந்து, நாம் பேசாமல் இருந்தால்?

"படத்துல மட்டும் இருக்கறதை எழுதக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றார் சார், திரும்பாமல். "எழுத வேண்டாம். போய் அவகிட்ட மட்டும் சொல்லு."

ஆலை விட்டதும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். படத்தைக் காட்டினேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இன்னா சார் இது. மூஞ்சி முடிஞ்சி இப்ப கையா?"

"எதுவும் இல்லாமகூட இருக்கலாம். காட்டிட்டு வந்துடலாம்."

"போன வாரம் நீங்கதான பொட்டி பொய் சொல்லுதுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"இப்ப நெஜம் சொல்லுதுன்றீங்களா?"

"தெரியலம்மா."

அவள் குடியாத்தம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகப் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தப் பொட்டிய ஒடச்சிப் போடுங்க சார்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை வாரம் சேதி இல்லை. ஒரு காலை அண்ணி மட்டும் எங்கள் அலுவலகப் படியில் வந்து நின்று, "கீழ ரிக்‌ஷால உக்காந்திருக்கா. நீங்களும் வந்தாத்தான் வருவாளாம்" என்றாள்.

தோல் பிரிவில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. அவர் படத்தைக் கேட்கவில்லை. கையைக் கேட்டார். பஞ்சை மெல்லிய திரியாக உருட்டினார். "கண்ணை மூடிக்கோ. நான் தொடற இடத்தை விரலால காட்டு" என்றார். மணிக்கட்டில் தொட்டார், பரிமளா காட்டினாள். முன்கையில் தொட்டார், காட்டினாள். தோளில், முழங்கை மடிப்பில். எல்லாம் சரியாகக் காட்டினாள். பிறகு டாக்டர் அந்த வட்டத்தில் தொட்டார். மறுபடி தொட்டார். பஞ்சை வைத்துவிட்டுக் குண்டூசியின் முனையால் தொட்டார். பரிமளா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி காத்திருந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டரம்மா?" என்றாள்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆரம்ப நிலை, ஒரே திட்டு, மற்றவர்களுக்குப் பரவும் வகை இல்லை, வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் விரல் மடங்க ஆரம்பித்திருக்கும் என்றும் சொன்னார். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் கேமரா என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். பரிமளாதான் பதில் சொன்னாள்: "விளக்கு சுடல டாக்டரம்மா."

ஆலைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்றார் டாக்டர். பர்சனல் ஆபீசர் அதற்குப் பிறகு அவளிடம் இருமடங்கு மரியாதையாக நடந்துகொண்டார், தான் தப்பாக நினைத்துவிட்டதற்காக. எந்த வகையில் அவர் தப்பு, எந்த வகையில் சரி என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் பார்த்த திட்டு பொய். அவர் பயந்த வியாதி பொய்யில்லை. நாங்கள் நிரூபித்தது சரி, முடிவு தப்பு. ஆசீர்வாதம் சாரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "எனக்கும் புரியல ஜேக்கப்" என்றார். பிரிண்டுகளைத் தலைகீழாகப் பார்ப்பதை அவர் ஓய்வுபெறும்வரை விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பாயின் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். பரிமளா வந்தாள். தையல் பிரிவில் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார் என்றாள். வலது கையை நீட்டிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உங்க கண்ண நான் நம்பல சார்" என்றாள், சிரித்துக்கொண்டு. "பாய், அந்தப் பழைய பொட்டில ஒண்ணு எடுங்க."

பாய் கேமராவை எடுத்துத் துடைத்தார். லென்ஸில் அப்போதும் ஒரு கீறல் இல்லை. அதற்குப் போடும் பிலிம் இல்லை. ஆர்த்தோ வருவது நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. மெட்ராஸில் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றார். அவள் அந்தக் கேமராவை வாங்கி லென்ஸை உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, சரி, இருக்கிறதில் எடுங்கள் என்று வலது கை தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. பாய் நீட்டிய ஈரத் துண்டை அவள் வாங்கவில்லை.

இருந்தது கலர் பிலிம். அதில் அவள் கை முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. கன்னத்து ஓரத்தில் மஞ்சள், மஞ்சளாகவே விழுந்திருந்தது.